படத்தில் தெரியும் அடைப்பும் வயர் காட்டும் எண்ணும்

ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டில் 'எழுபது சதவீதம்' என்று எழுதியிருக்கும் அடைப்பு சரியாக எழுபதுதானா என்று கேட்டால், கேத் லேபில் (ஆஞ்சியோகிராம் செய்யும் அறையில்) வேலை பார்ப்பவர்கள் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். அது சாயம் ஓடும் நிழல். ஒரே படத்தை ஒருவர் அறுபது என்பார், இன்னொருவர் எண்பது என்பார். இதயத்தசைக்கு இரத்தம் போதுகிறதா என்பது அந்தப் படத்தில் தெரியாது.

அதற்காகத்தான் அழுத்தம் அளக்கும் வயர். அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து இரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தைப் பெருந்தமனி அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப்.எஃப்.ஆர். இதய மருத்துவர்கள் நிகோ பைல்ஸும் பெர்னார்ட் டி ப்ரூயினும் 1990களில் இதை நிலைநிறுத்தினார்கள். முதலில் 0.75 எல்லையாக இருந்தது; இப்போது 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) பற்றி யோசிக்கிறோம்.

2009-இல் வெளியான ஃபேம் ஆய்வில் இதயத்தின் பல இரத்தக் குழாய்களில் அடைப்புள்ள 1005 பேர் சேர்க்கப்பட்டார்கள். படத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுத்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், வயர் வைத்து அளந்தவர்களுக்கு 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது முதல் பிரிவில் 18.3%, இரண்டாவதில் 13.2%. கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் 35 சதவீதத்தில்தான் எஃப்.எஃப்.ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தது. 71 முதல் 90 வரை என்று தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று அந்த எல்லைக்கு மேலேயே இருந்தது.

ஆனால் அந்த எண் அளக்கும் கையைப் பொறுத்தது. இதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்பவை: எண்ணை உயர்த்திக் காட்டி, கெட்ட அடைப்பை நல்லதாக்கி அனுப்பிவிடும்.

முதலில் கைடு கதீட்டர், அதாவது வயரை உள்ளே கொண்டுபோகும் குழல். அதன் நுனி குழாயின் வாயை அடைத்துக்கொண்டால் பெருந்தமனி அழுத்த அலை தட்டையாகும். வகுக்கும் எண் குறைகிறது, விடை ஏறுகிறது. அளக்கும்போது கைடைச் சற்று வெளியே இழுத்து வைக்க வேண்டும். பக்கத்துளை உள்ள கைடு இந்த வேலைக்கு ஆகாது. கைடுக்குள் சாயம் மிச்சமிருந்தாலும் அலை மழுங்கும். சலைன் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

அடுத்து, சமன் செய்வது. சென்சார் வயர் நுனியில் இல்லை, நுனிக்கு ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் இருக்கிறது. அதைக் கைடின் வாய்க்கு நேராக நிறுத்தி இரண்டு அழுத்தங்களையும் ஒன்றாக்க வேண்டும். வயரை நுழைக்கப் பயன்படுத்திய ஊசி ஒய் கனெக்டரிலேயே (கைடின் வெளிமுனையில் பொருத்தும் இணைப்பிலேயே) நின்றால், அதன் வழியாகக் கசிந்து பெருந்தமனி அழுத்தம் சில மி.மீ. குறையும். ஊசியை எடுத்துவிட்டுச் சமன் செய்யுங்கள், ஊசி இல்லாமலே அளவெடுங்கள். எடுக்க மறப்பது சின்ன விஷயம்தான், ஆனால் 0.79 என்பதை 0.82 ஆக்க அது போதும்.

குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம் குழாய்க்குள் விட்ட பிறகே அடினோசின். சிரை வழியாக என்றால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம். 70 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு 9.8 மி.கி. ஆகிறது, மூன்று நிமிடம் ஓட்ட 6 மி.கி. ஆம்பூல் ஐந்து உடைக்க வேண்டும். முன்னரே உடைத்து வைக்காமல் நடுவில் பம்ப் நின்றுபோனால் மொத்தமும் வீண். பெரிய சிரை வேண்டும். புறங்கை ஊசி நம்பத்தக்கதல்ல. அதே கையில் பிரஷர் கஃப் கட்டியிருந்தால், கஃப் இறுகும்போதெல்லாம் மருந்து நின்றுவிடும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், முகச் சூடு எதுவுமே நோயாளிக்கு வரவில்லை, இரத்த அழுத்தமும் இறங்கவில்லை என்றால் மருந்து போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகிக்க வேண்டும். காலையில் காபி குடித்தாரா என்றும் கேளுங்கள்; காஃபின் அடினோசினின் வேலையைத் தடுக்கும். நம்மூரில் 'வெறும் வயிறு' என்று சொன்னாலும் காபியைக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அடினோசின் யோசித்துத்தான்.

குழாய்க்குள் நேராக விடுவதென்றால் வலப்பக்கம் 100, இடப்பக்கம் 200 மைக்ரோகிராம் வரை. வேகமாக முடியும், ஆனால் விளைவு சில விநாடிகள்தான். வரிசையாக உள்ள அடைப்புகளில் வயரை மெல்ல இழுத்துக்கொண்டே எங்கே அழுத்தம் தாவுகிறது என்று பார்க்க அந்த நேரம் போதாது. அடினோசினே இல்லாமல் 0.89 எல்லையோடு ஐ.எஃப்.ஆர். என்ற இன்னொரு அழுத்த விகிதத்தை அளப்பவர்களும் உண்டு, 2017-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஓராண்டு முடிவில் அது எஃப்.எஃப்.ஆருக்குக் குறைந்ததல்ல என்று காட்டின.

எண்ணைக் கீழே இழுக்கும் காரணங்களும் இருக்கின்றன. நெளிந்த குழாயை வயர் நேராக்கும்போது சுவர் மடிந்து போலி அடைப்பு உண்டாகும். முன்புறக் குழாய் படுத்திருப்பவரின் நெஞ்சில் மேலே இருப்பதால், உயர வேறுபாடே அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டும்.

கடைசியில் சென்சாரைக் கைடு வாய்க்குத் திரும்ப இழுத்துப் பார்ப்பதை அவசரத்தில் விடுபவர்கள் அதிகம். அங்கே விகிதம் 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இல்லையென்றால் சென்சார் விலகிவிட்டது. மறுபடி சமன் செய்து மறுபடி அளக்க வேண்டும். 0.78, 0.82 போன்ற எண்களுக்கு இந்தச் சோதனை இல்லாமல் மதிப்பே இல்லை. ரிப்போர்ட்டில் எஃப்.எஃப்.ஆர். எண்ணோடு, அடினோசின் எந்த வழியில் எவ்வளவு, இழுத்துப் பார்த்தபோது விகிதம் எவ்வளவு என்பதையும் எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கும் டாக்டர் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தானே முடிவு செய்துகொள்வார்.