ஸ்லிங் வைத்த பிறகும் இருமினால் கசிகிறதா?

இருமும்போது சிறுநீர் கசியும் பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் அடியில் தாங்கலாக வைக்கும் நாடாதான் ஸ்லிங். அதை வைத்து ஓராண்டோ ஐந்தாண்டோ கழித்து, இருமினால் திரும்பவும் சிறுநீர் கசிகிறது. பேச்சு நேராக ‘அடுத்து எந்த ஆபரேஷன்’ என்பதற்குத் தாவிவிடும். வந்திருப்பது பழைய கசிவேதானா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு கோளாறுகளும் இதே வேஷத்தில் வரும். நாடா அதிகமாக இறுகியிருந்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழியும். கழிப்பறைக்குப் போவதற்குள் நனைந்துவிட்டால் அது அவசரக் கசிவு. இரவு பகல் பாராமல் சொட்டிக்கொண்டே இருந்தால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை (ஃபிஸ்டுலா) விழுந்திருக்கலாம். நாடாவின் செயற்கை வலை (மெஷ்) திசுவை அரித்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடும். இவற்றுக்கு இன்னொரு ஸ்லிங் தீர்வாகாது. இறுகிய நாடாவின் மேல் இன்னொன்று வைத்தால் நிலைமை மோசமாகும்.

அதனால் தொற்று இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை. குடித்தது, போனது, கசிந்தது மூன்றையும் நேரத்தோடு எழுதிய 3 நாள் குறிப்பு. சிறுநீர் போன பின் பையில் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன். பை நிரம்பியிருக்கும்போது இருமிப் பார்ப்பது (படுத்தபடி கசியாவிட்டால் நின்றபடி). முன்பே ஆபரேஷன் ஆனவர்களுக்கு சிஸ்டோஸ்கோபியும் (கேமரா குழாய் விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது) யூரோடைனமிக்ஸும் (பை நிரம்பும்போதும் காலியாகும்போதும் அழுத்தத்தை அளப்பது) தேவை. முதல் முறை யூரோடைனமிக்ஸைத் தவிர்த்திருந்தால் தவறில்லை. இரண்டாம் முறை தவிர்ப்பது சரியல்ல.

சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: சிறுநீர் வெளியேறும் குழாய், அதாவது யூரித்ரா, முக்கும்போது கீழே சரிகிறதா, அல்லது அசையாமல் நின்றும் வாய் மூடாமல் இருக்கிறதா? சரிந்தால் தாங்கல் போதவில்லை. பழைய நாடா தளர்ந்திருக்கலாம், இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். அசையாமல் கசிந்தால் மூடும் தசையே பலவீனம். முக்கும்போது 60 செ.மீ. நீரழுத்தத்துக்குக் கீழேயே கசிந்தால் இந்த இரண்டாம் வகை என்று சந்தேகிக்க வேண்டும்.

குழாய் நன்றாக அசைந்தால் மறுபடி மெஷ் ஸ்லிங் வைக்கலாம். அப்போது தொடைப்பக்கம் போகும் நாடாவைவிட, இடுப்பெலும்புக்குப் பின்னால் மேலேறும் நாடாவையே பலரும் விரும்புவார்கள். அடைப்போ அரிப்போ இல்லையென்றால் பழைய நாடாவைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. பர்ச் அறுவையும் (சிறுநீர்ப்பைக் கழுத்தை ஒட்டிய திசுவை இடுப்பெலும்புக்குப் பின்னால் தைத்துத் தூக்கி நிறுத்துவது) இவர்களுக்குத்தான் பொருந்தும். அசையாத குழாயை அது காப்பாற்றாது.

மெஷ்ஷால் ஏற்கெனவே தொல்லை பட்டவர்களுக்கும் மூடும் தசை பலவீனமானவர்களுக்கும் சொந்தத் தசையுறை ஸ்லிங் நல்ல வழி. அடிவயிற்றுத் தசையை மூடியிருக்கும் வெள்ளை உறையிலிருந்து சுமார் 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை எடுத்து, யூரித்ராவின் மேல்பகுதியில் சிறுநீர்ப்பைக் கழுத்தை ஒட்டித் தொட்டில்போலத் தாங்க வைப்பார்கள். உடம்பின் சொந்தத் திசு என்பதால் அரிப்பு அரிது. விலையும் உண்டு: வயிற்றில் தழும்பு, நீண்ட ஓய்வு, சிறுநீர் போகச் சிரமம். 2007-ல் வெளியான, 655 பெண்களைச் சேர்த்த ஆய்வில், 2 ஆண்டு முடிவில் இருமல் வகைக் கசிவு நின்றது இந்த ஸ்லிங்கில் 66 சதவீதம், பர்ச்சில் 49 சதவீதம். சிறுநீர் போவதில் சிரமமும் தொற்றும் ஸ்லிங்கில்தான் அதிகம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ‘இந்த முறையாவது நிற்க வேண்டும்’ என்று பட்டையை இறுக்கிவிடுவது. சிறுநீர் போகாமல் நின்றால் வெளியேற்றும் குழாயான கதீட்டரைத் தானே போட்டு எடுக்க ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டும். அது முடியாது என்பவர் இந்த வழிக்குப் போகாமல் இருப்பதே மேல்.

ஊசி மூலம் ஜெல் வைப்பது எல்லாவற்றையும்விட எளிது. மரத்துப்போகும் மருந்து போட்டு, சிஸ்டோஸ்கோப் வழியே யூரித்ராவின் உட்சுவரில் 3 அல்லது 4 இடங்களில் மொத்தம் சுமார் 2 மி.லி.; அன்றே வீடு. வயதானவர்கள், மயக்க மருந்து தாங்காதவர்கள், குழாய் அசையாதவர்கள் இதை முதலில் யோசிக்கலாம். ஆனால் ‘குறையும்’ என்று எதிர்பார்க்கலாம், ‘நிற்கும்’ என்று எதிர்பார்க்கக் கூடாது. பலருக்கு இரண்டாம் ஊசி தேவைப்படும். ஊசிக்குப் பின் சிறுநீர் வராவிட்டால் மெல்லிய கதீட்டரை ஒருமுறை விட்டு எடுத்துவிட வேண்டும். தடித்த கதீட்டரை உள்ளேயே விட்டுவைத்தால் வைத்த ஜெல் நசுங்கிவிடும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ‘ஏற்கெனவே செய்தாயிற்று’ என்று தள்ளிவிடுவோர் பலர். பயிற்சியாளர் தசையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கொடுத்து, ஒரு வேளைக்கு 8 முறையாவது சுருக்கி, நாளுக்கு 3 வேளை, 3 மாதம் செய்தால்தான் செய்ததாகக் கணக்கு. பலர் வயிற்றைத்தான் இறுக்குகிறார்கள். அது கசிவைக் கூட்டும்.

எல்லாம் தோற்றபின் செயற்கை மூடி. குழாயைச் சுற்றி ஒரு வளையம், பிறப்புறுப்பின் வெளியிதழில் ஒரு பம்ப், வயிற்றுக்குள் ஒரு பலூன். பம்ப்பை அழுத்தினால் வளையம் தளர்ந்து சிறுநீர் போகும், சில நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். விரல்களில் வலு வேண்டும். தொற்றினால் முழுவதையும் எடுக்க நேரலாம். கருவி பழுதாகி மறு ஆபரேஷனும் வரலாம். இதை வைத்தவர் எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும். வளையத்தைத் தளர்த்திப் பூட்டாமல் யாராவது கதீட்டரைத் திணித்தால் குழாய் அரிந்துபோகும்.