துத்தநாகத்தின் சிவப்பிலிருந்து ஈயத்தைப் பிரித்தறிதல்

குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முயல்கிறேன். உலோகங்களோடு சேர்ந்தால் நிறம் மாறும் டைத்திசோன் என்ற சேர்மத்தை ஏற்றிய நைலான் சவ்வு, ஈய நைட்ரேட் கரைசலில் பச்சை மாறிச் சிவப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயில் (ஜி.ஐ.) காலையில் முதலில் வரும் தண்ணீரைச் செலுத்தினாலும் ஏறத்தாழ அதே சிவப்பு வருகிறது. அதில் ஈயம் எவ்வளவு, குழாய்ப்பூச்சிலிருந்து கரைந்த துத்தநாகம் எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க இயலாது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி குடிநீரில் லிட்டருக்குத் துத்தநாகம் 5 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, ஈயமோ 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐந்நூறு மடங்கு மிகுதியாக இருக்கக்கூடிய உலோகம் முந்திக்கொண்டு சவ்வை நிரப்பிவிடுகிறது.

துத்தநாகம் நிறம் தராதபடி மறைக்கச் சயனைடு சேர்ப்பதே பழைய ஆய்வக முறை. வீட்டில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. அதற்குப் பதில் காரத்தைக் கூட்டினால் டைத்திசோனே ஆரஞ்சு நிறமாகக் கரைந்து சவ்வைவிட்டு வெளியேறுகிறது.

ஆகவே சவ்வின் நிறத்தை நம்புவதை விட்டு, அதை உலோகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலையாக மட்டும் இப்போது பயன்படுத்துகிறேன். சிவந்த சவ்வின்மேல் நீர்த்த அமிலத்தைச் சில துளிகள் விட்டால் ஈயமும் துத்தநாகமும் கழன்று வந்துவிடும். அந்தத் துளியை வடிதாளில் இட்டு, அமிலத்தன்மையை ஒரே அளவில் வைத்திருக்கும் டார்ட்ரேட் தாங்கல் கரைசலால் பி.எச். 2.8-க்குக் கொண்டுவந்து, அப்போதே கரைத்த சோடியம் ரோடிசோனேட் என்ற நிறங்காட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தால், ஈயம் கருஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. துத்தநாகம் மட்டும் உள்ள தாள் சிவப்பதில்லை. சிவந்த புள்ளியின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அது நீலஊதாவாக மாறுவது ஈயத்துக்கு உறுதியான அடையாளம். ரோடிசோனேட் கரைசல் சில மணி நேரத்திலேயே வலுவிழப்பதால், முந்தைய நாள் கரைசலை நம்பவே கூடாது.

குழாய்த் தண்ணீரில் புள்ளி தோன்றவில்லை. எனினும் ஈயம் இல்லை என்று இப்போதே சொல்லிவிட முடியாது. வரம்பளவு ஈயம் கலந்த 1 லிட்டர் நீரில் இருப்பது 10 மைக்ரோகிராம்தான். அத்தனையும் சவ்வில் தங்குகிறதா என்பதை, இதே குழாய் நீரில் அந்த அளவு ஈயத்தைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

டைத்திசோன் வாங்குவோர் மிகச் சிறிய புட்டியாக, கருநிறக் கண்ணாடியில் வாங்குங்கள். ஒளியும் காற்றும் பட்டால் கெட்டுவிடும். அடுத்து, பாதரசத்தைக் கண்டறியும் டைத்திசோன் சவ்வு. வலுவான அமிலத்தில் ஈயமும் துத்தநாகமும் டைத்திசோனோடு சேராமல் ஒதுங்கிவிடுவதால் வேலை எளிது. தாமிரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். பாதரசம் தரும் ஆரஞ்சு நிறம் கடும் வெளிச்சத்தில் நீலமாகிவிடும் என்பதால், ஒளி குறைந்த அறையில் நிறம் பார்க்க ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன்.