அந்த முறைப்பு

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக் வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். ஐஸ் டான்ஸ், அதாவது பனிக்கட்டி மேல் ஜோடியாகச் சறுக்கி ஆடும் நடனப் போட்டி. இத்தாலியின் பார்பரா ஃபூசர் போலி, மவுரிட்சியோ மார்காலியோ ஜோடி. 2001இல் உலக சாம்பியன்கள், இத்தாலிக்கு இந்தப் பிரிவில் அதுவே முதல் உலகப் பட்டம். 2002 சால்ட் லேக் சிட்டியில் வெண்கலம். அப்புறம் ஓய்வு. சொந்த நாட்டில் ஒலிம்பிக் என்றதும் திரும்பி வந்துவிட்டார்கள்.

முதல் சுற்றில் முதலிடம். இரண்டாம் சுற்று முடிய சில நொடிகளே பாக்கி. மார்காலியோ பார்பராவைத் தூக்கிச் சுழற்றும்போது கால் தடுமாறி, இரண்டு பேரும் விழுந்தார்கள். இசை நின்றதும் பார்பரா எழுந்து நின்று மார்காலியோவைப் பார்த்தார் பாருங்கள், ஒரு பார்வை! பேச்சில்லை, இமைக்கவில்லை. கிட்டத்தட்ட அரை நிமிடம். அரங்கமே கத்துகிறது, அவர் அசையவில்லை. மார்காலியோ பாவம், பனிக்கட்டியே வெந்நீராகியிருக்கும்.

மறுநாள் ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆறாமிடம்தான், சரி. பார்பரா இப்போது மிலானில் பயிற்சியாளர். 2023இல் உலக வெள்ளி வென்ற சார்லீன் கிஞ்யார், மார்கோ ஃபாப்ரி ஜோடி அவருடைய மாணவர்கள். பயிற்சியில் தடுக்கி விழுந்தால் அந்தப் பார்வை கிடைக்குமோ என்னவோ!