குழாய்க்குள்ள கெடந்த பந்து

கேம்பஸ்ல பழைய பில்டிங்கை காப்பாத்துறோம்னு கிளம்புற பசங்க முதல் வேலையா என்ன பண்ணுவாங்க? லோகோ டிசைன் பண்ணுவாங்க. நாங்களும் அதேதான். வளைவு ஜன்னல் ஒண்ணு, அதைத் தாங்குற மாதிரி ரெண்டு கை, கீழ ஒரு வாசகம், டீ-ஷர்ட் என்ன கலர்னு மூணு நாள் சண்டை, வாட்ஸ்அப் குரூப்ல இருநூறு பேர். அந்த இருநூறுல பில்டிங் பக்கம் போயி சுவத்தைத் தொட்டுப் பாத்தவங்கள எண்ணுனா ஒரு கை விரலே மிச்சம் இருக்கும்.

பில்டிங் எதுன்னா எங்க பழைய லைப்ரரி. ரெண்டு மாடி, செங்கல் சுவரு, உள்ள சுண்ணாம்புப் பூச்சு, ஏறும்போது படிக்கு ஒரு சத்தம் போடுற மரப்படி. புது லைப்ரரி வந்தப்புறம் கீழ பாதி ஸ்டோர் ரூம் ஆயிடுச்சு, மாடிக்குப் பூட்டு. பின்பக்க மூலையில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு விரிசல், மேல போகப்போக அகலம் ஜாஸ்தி. அதைக் காட்டித்தான் "அன்சேஃப், இடிச்சிட்டு புது பிளாக் கட்டிடலாம்"னு பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாங்க வாசல்ல நின்னு கையெழுத்து வாங்குனோம், ஜூனியர்ஸைக் கூட்டிக்கிட்டு சுத்திக் காட்டுனோம், அதுவரைக்கும் ஒண்ணும் தப்பில்ல.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை "பேசுனது போதும், களத்துல இறங்குவோம்"னு ஒருத்தன் சொல்ல (சத்தியமா நான் இல்ல, ஆனா முதல்ல கை தட்டுனது நான்தான்) பக்கத்துல ஹாஸ்டல் வேலையில மிச்சமான சிமெண்ட் அரை மூட்டையை கேட்டு வாங்கிட்டு வந்து, பின்பக்க சுவத்துல செங்கல்லுக்கு நடுவுல பொடிப்பொடியா உதிர்ந்துக்கிட்டு இருந்த கலவையை எல்லாம் ஸ்க்ரூடிரைவரால நோண்டி எடுத்துட்டு, சிமெண்டை நல்லா அழுத்தி அழுத்தி அடைச்சோம். ஒரு பத்தடி நீளம் இருக்கும். பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு. போட்டோ போட்டோம், லைக் அள்ளுச்சு.

அடுத்த மழை முடிஞ்சு போயி பாத்தா நாங்க அடைச்ச சிமெண்ட் அப்படியே கல்லு மாதிரி இருக்கு, செங்கல்லோட முகம்தான் பழைய போஸ்டர் கிழியற மாதிரி உரிஞ்சு கீழ கெடக்கு. நாங்க கை வைக்காத சுவத்துல ஒண்ணும் ஆகல. பாக்க வந்த கொத்தனார் அண்ணன் வயசானவரு, ஒரு சாவியை எடுத்து சிமெண்ட் மேல ஒரு கீறு, செங்கல் மேல ஒரு கீறு கீறிப் பாத்துட்டு, "யாரு தம்பி இந்த நல்ல காரியத்தைப் பண்ணது?"ன்னாரு. எங்க எல்லாருக்கும் அப்பத்தான் ஷூ லேஸ் கட்ட வேண்டி வந்துச்சு.

அவரு சொன்ன விஷயம் ரொம்ப சிம்பிள். பழைய செங்கல் மெத்து, தண்ணியை இழுக்கும். சுண்ணாம்புக் கலவை அதை விட மெத்து. சுவத்துக்குள்ள போற ஈரம் எங்க ஈஸியா வெளிய வர முடியுமோ அங்கதான் வரும், அது கலவை வழியாத்தான் வரணும், வரும்போது கரைஞ்ச உப்பையும் கூட்டிட்டு வரும், தண்ணி காஞ்சதும் உப்பு பூத்து, பூக்குறப்ப எடம் பத்தாம தள்ளும், அந்தத் தள்ளுல கலவை உதிரும். உதிரட்டும், அது உதிரத்தான் இருக்கு, சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கலாம். நாம சிமெண்டை வச்சு அந்த வழியை அடைச்சா ஈரம் செங்கல் வழியா வரும், உப்பு செங்கல்லுக்குள்ள பூக்கும், செங்கல் போச்சு. கலவை எப்பவும் கல்லை விட பலம் கம்மியா இருக்கணும்ங்கறது எனக்கு அது வரைக்கும் தலைகீழாத்தான் தெரிஞ்சிருந்துச்சு. பலமா இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன்.

இப்ப நாம பயன்படுத்துற போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு ஜோசஃப் ஆஸ்ப்டின் பேட்டண்ட் வாங்குனதே 1824-லதான். அதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருஷமா பெரும்பாலும் சுண்ணாம்புதான், அப்புறமும் ரொம்ப நாள் அதேதான் ஓடிச்சு. சுண்ணாம்போட கெமிஸ்ட்ரி படிச்சப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஸ்கூல்ல இதே சமன்பாட்டை பத்து தடவை எழுதியும் ஒண்ணும் தோணல: சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி கிட்ட சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுது, சுட்டதுல தண்ணி ஊத்துனா கொதிச்சு நீத்துப்போகுது, அதை மணலோட கலந்து சுவத்துல வச்சா காத்துல இருந்து அதே கார்பன் டை ஆக்சைடை கொஞ்சம் கொஞ்சமா திரும்ப இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாவே ஆயிடுது. மேல இருந்து உள்ள வரைக்கும் மாற மாசக்கணக்கு, சுவரு தடிமனா இருந்தா வருஷக்கணக்கு. அதனாலதான் ஈரச் சாக்கு போட்டு மெதுவா காய விடணும்னு அந்த அண்ணன் உயிரை எடுத்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை வச்ச சிமெண்டை சின்ன உளியால எடுக்க எங்களுக்கு பதினோரு நாள் ஆச்சு. எடுக்கும்போது இன்னும் சில செங்கல் உடைஞ்சுது, அது தனிக் கதை.

இந்தக் கூத்துக்கு அப்புறம் ஆர்க்கிடெக்சர் டிபார்ட்மெண்ட் மேடம் ஒருத்தங்க எங்களைக் கூப்பிட்டு, "இனி அந்த பில்டிங்ல ஒரு ஆணி கூட அடிக்கக்கூடாது, முதல்ல அளந்து வரைங்க"ன்னு சொல்லிட்டாங்க. பெரிய ஏமாத்தமா இருந்துச்சு. வரையறதால பில்டிங் எப்படி நிக்கும்?

மேடம் காட்டுன உதாரணம் அமெரிக்காவுல 1933-ல ஆரம்பிச்ச வரலாற்றுக் கட்டட சர்வே. பொருளாதார மந்தத்துல வேலை இல்லாம இருந்த ஆர்க்கிடெக்டுகளை வச்சு பழைய கட்டடத்தை எல்லாம் அளந்து வரையலாம்னு சார்லஸ் பீட்டர்சன்னு ஒருத்தர் யோசனை குடுத்தாரு, அது இன்னைக்கு வரைக்கும் நடக்குது. அவர் பேருல 1983-ல இருந்து மாணவர்கள் வரையற டிராயிங்குக்குன்னே ஒரு பரிசு இருக்கு, அந்த டிராயிங் எல்லாம் வாஷிங்டன்ல இருக்கிற பெரிய லைப்ரரியான லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போயிடும். கட்டடமே போயிட்டாலும் காகிதம் இருக்கும். காலேஜ் அசைன்மெண்ட் ஒண்ணு அவ்ளோ தூரம் போகுமான்னு கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு.

சரின்னு அளக்க ஆரம்பிச்சோம். முதல் நாளே தெரிஞ்சுது, பழைய பில்டிங்ல எந்த ரூமும் சதுரம் கிடையாது. நாலு பக்கமும் அளந்துட்டு வந்து பேப்பர்ல போட்டா மூலை சேராது, குறுக்கு மூலைக்கு மூலை ரெண்டு அளவும் எடுத்தாத்தான் ரூம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரியும். தரை வேற மேடு பள்ளம், அதை நம்பி உயரம் அளக்க முடியாது. கொத்தனார் அண்ணன் கிட்ட கடன் வாங்குன டியூப் லெவல்ல (மட்டம் பாக்குற நீளமான டியூப்) தண்ணி நிரப்பி, பில்டிங் முழுக்க ஒரே மட்டத்துல சாக்பீஸ் கோடு போட்டு, எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டுல இருந்து மேலயும் கீழயும் எடுத்தோம். இன்னொரு விதி, ஜன்னலுக்கு ஜன்னல் தனித்தனியா அளக்கக்கூடாது, டேப்போட பூஜ்யத்தை ஒரு மூலையில புடிச்சுட்டு, சுவரு முடியற வரைக்கும் நகர்த்தாம ஒவ்வொரு ஓரத்துலயும் என்ன நம்பர் வருதோ அதைப் படிச்சுக்கிட்டே போகணும், இல்லன்னா ஒவ்வொரு அளவுலயும் வர்ற சின்னத் தப்பு எல்லாம் சேந்துக்கிட்டே போகும். ஒருத்தன் டேப் புடிக்க, ஒருத்தன் கத்த, ஒருத்தன் எழுத. கத்துனதையே எழுதுறவன் திரும்பக் கத்தணும். மூணாம் நாள்ல எங்க எல்லாருக்கும் தொண்டை போச்சு. இப்ப போன்ல முக்கால்வாசி ஒண்ணு மேல ஒண்ணு விழுற மாதிரி வரிசையா போட்டோ எடுத்துக் குடுத்தா சாஃப்ட்வேரே முப்பரிமாண மாடல் பண்ணிடுது, அதையும் பண்ணோம், ஆனா அந்த மாடலுக்கு அளவு சரியா வர டேப்தான் வேணும்.

அளக்க உக்காந்தாத்தான் கண்ணு அங்க நிக்குது. மாடிப் படியோட கைப்பிடியில ஒரு எடம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சிருக்கும், எல்லாரும் திரும்புற எடம். ஒரு ஜன்னல் சட்டத்துக்குப் பின்னாடி ஆசாரி பென்சில்ல போட்ட கணக்கு. அதுல ஒரு கூட்டல் தப்பு.

விரிசலுக்கு வர்றேன். அது மேல குறுக்க மெல்லிசான கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் ஒட்டி தேதி எழுதி வச்சோம். விரிசல் நகர்ந்தா கண்ணாடி உடையும், அவ்ளோதான் அதோட டெக்னாலஜி. பக்கத்துல ரெண்டு ஆணிக்குறி வச்சு சனிக்கிழமை சனிக்கிழமை வெர்னியர் அளவுகோல்ல அளந்து ஒரு நோட்டுல எழுதுவோம். வெயில் காலம் முழுக்க "மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை"ன்னு பக்கம் பக்கமா. போர் அடிச்சு பாதிப் பேர் வர்றதை விட்டுட்டாங்க. மழை ஆரம்பிச்ச மூணாவது வாரம் கண்ணாடி உடைஞ்சு கெடந்துச்சு. ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, ஆனா மழை வந்தா மட்டும் நகருதுன்னா விஷயம் தண்ணின்னு ஆயிடுச்சு.

அந்த மூலையிலதான் மொட்டை மாடித் தண்ணி இறங்குற இரும்புக் குழாய். மழையில குடை புடிச்சுக்கிட்டு போயி நின்னு பாத்தோம், கீழ வாயில சொட்டு கூட வரல, தண்ணி எல்லாம் மேல வழிஞ்சு சுவத்தோட இறங்கி நேரா அஸ்திவாரத்துல. எத்தனை வருஷமோ. மண்ணு ஊறி ஊறி அந்த மூலை மட்டும் இறங்கியிருக்கு, மூலை வெளிப்பக்கமா சாய்ஞ்சதால மேல அகலம் ஜாஸ்தி. குழாயைக் கழட்டிக் குத்துனா மக்குன இலை ஒரு வாளி, அதுக்கு நடுவுல கார்க் அடிச்ச மாதிரி ஒரு டென்னிஸ் பந்து. வெளுத்துப் போயி, மார்க்கர்ல ரெண்டு எழுத்து எழுதியிருந்துச்சு. எந்த பேட்ச்சோ மாடியில கிரிக்கெட் ஆடியிருக்காங்க. இருநூறு பேர் குரூப், கையெழுத்து, டீ-ஷர்ட், எல்லாத்துக்கும் நடுவுல அந்தப் பந்து உள்ள உக்காந்துக்கிட்டு இருந்திருக்கு.

மாணவர்களாலதான் பழைய கட்டடம் பொழைக்குதுன்னு யாராவது சொன்னா எனக்கு அந்தப் பந்துதான் ஞாபகம் வரும். கிளாஸ்கோ ஆர்ட் ஸ்கூலோட மாக்கின்டாஷ் பில்டிங் 1909-ல முடிஞ்சது, 2014 மே மாசம் ஒரு மாணவரோட ப்ராஜெக்ட்ல அடிச்ச ஃபோம் ஸ்ப்ரேயோட வாயு ப்ரொஜெக்டர் சூட்டுல பத்தி அதோட லைப்ரரியே எரிஞ்சுது. பாத்துப் பாத்து சரி பண்ணிக்கிட்டு இருக்கும்போதே 2018-ல மறுபடியும் தீ, இந்தத் தடவை அதை விடப் பெருசு. இன்னொரு பக்கம் அமெரிக்காவுல வர்ஜீனியா யுனிவர்சிட்டியோட குவிமாட லைப்ரரியான ரோட்டண்டா 1895-ல எரிஞ்சப்ப பசங்கதான் உள்ள ஓடி புக்கையும் யுனிவர்சிட்டியை நிறுவுன ஜெஃபர்சனோட ஆளுயர மார்பிள் சிலையையும் தூக்கிட்டு வந்தாங்க. அதே நேரத்துல ஒரு பேராசிரியர் தீ பரவாம இருக்கட்டும்னு டைனமைட் வச்சாரு, அது உதவல. அந்த கேம்பஸைக் கட்டுனதுல பெரும்பங்கு அடிமைகளோட உழைப்பு. அவங்களுக்கு நினைவுச்சின்னம் வேணும்னு 2010 வாக்குல மாணவர்கள் ஆரம்பிச்ச முயற்சிதான் 2020-ல கல்லா நின்னுச்சு.

அமெரிக்காவுல கறுப்பின மாணவர்களுக்குன்னு ஆரம்பிச்ச டஸ்கிகீ காலேஜோட கதை எனக்கு இன்னும் நெருக்கம். அங்க பசங்களே செங்கல் அறுத்து, சூளை போட்டு, பில்டிங் கட்டுனாங்க. மூணு தடவை சூளை தோத்துப்போயி, நாலாவது சூளைக்கு பணம் இல்லாம அதை நடத்துன புக்கர் டி. வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வச்சாரு. நெறைய பில்டிங் வரைஞ்சது ராபர்ட் டெய்லர், 1892-ல எம்ஐடியில படிச்சு முடிச்ச முதல் கறுப்பின மாணவர். நாங்க ஒரு ஞாயித்துக்கிழமையில கெடுத்த செங்கல் மாதிரி ஒண்ணை ஒருத்தன் கையால அறுத்து, காய வச்சு, சுட்டுன்னு யோசிச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

எங்க குரூப்புக்குள்ள பெரிய சண்டை வந்தது முன்வாசல் ஷெட்டால. பிற்காலத்துல யாரோ ஒட்ட வச்ச தகர ஷெட், அசிங்கமா இருக்கும். அதைத் தூக்கிட்டு பழைய வளைவு வாசலை அப்படியே கொண்டு வரலாம்னு ஒரு கோஷ்டி. அப்படியேன்னா எப்படி, பழைய வாசலோட போட்டோ ஒண்ணு கூட இல்லையேன்னு இன்னொரு கோஷ்டி. யூகம் ஆரம்பிக்கிற எடத்துல சீரமைப்பு நின்னுடணும்னு பழைய கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனம் சொல்லுது, மேடம் அதை போர்டுல எழுதிட்டு போயிட்டாங்க. ரோட்டண்டாவுலயும் இதே பஞ்சாயத்துதான், தீக்கு அப்புறம் ஆர்க்கிடெக்ட் ஸ்டான்ஃபோர்ட் வைட் உள்ள வேற மாதிரி கட்டுனாரு, 1970-கள்ல அதைப் பிரிச்சுட்டு ஜெஃபர்சன் காலத்து அமைப்புக்கே போனாங்க. வைட் கட்டுனதும் அதுக்குள்ள எழுபது வருஷத்துக்கு மேல பழசு. எது பழசு எது ஒட்டுன்னு சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரல. ஷெட் இன்னும் அங்கதான் இருக்கு, மழைக்கு எல்லாரும் அதுக்குக் கீழதான் ஒதுங்குறாங்க.

பில்டிங் இடிபடல. குழாய் மாத்தி, மூலைக்கு அடியில இன்ஜினியரை வச்சு சரி பண்ணி, கீழ்த்தளம் இப்ப ரீடிங் ரூம். மாடிக்கு பூட்டு அப்படியே. மாணவர் வேலையில பெரிய ஓட்டை என்னன்னா நாலு வருஷத்துல நாம கெளம்பிடுவோம், கத்துக்கிட்டதும் நம்ம கூடவே கெளம்பிடும். அதனால நோட்டு, டிராயிங், பந்து மூணையும் டிபார்ட்மெண்ட் அலமாரியில வச்சுட்டு வந்தோம். பந்துக்கு ஒரு சீட்டு வேற, கண்டெடுத்த தேதி, எடம் எல்லாம் போட்டு.

போன வாரம் ஒரு தம்பி போன். நான் பாத்ததே இல்ல. "அண்ணா, நாங்க பின்பக்க சுவத்தை திரும்ப அளந்தோம், உங்க டிராயிங்ல மூணாவது ஜன்னல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி இருக்கு." நான் விடுவேனா, சுவரு நகர்ந்திருக்கும், உங்க டேப் தொய்ஞ்சிருக்கும், டியூப்ல காத்துக் குமிழி இருந்திருக்கும்னு ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன். அவன் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "மூணு தடவை பாத்துட்டோம்ணா"ன்னான். அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு, அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு, சீக்கிரம் முடிக்கணும்னு அந்தச் சுவத்துல மட்டும் ஜன்னலுக்கு ஜன்னல் தனித்தனியா அளந்தோம். டேப் புடிச்சது நான்.

காலையில மெசேஜ் போட்டேன், சிவப்பு மையில திருத்திடுங்கன்னு. நேத்தே திருத்திட்டோம்ணான்னு பதில் வந்துச்சு.