இடது பக்கம் என்று ஒன்று இல்லை

விண்வெளியில் இருக்கும் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்துக்குள் நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை. ஆனால் ஆறு வருடம் என் வேலை முழுக்க அதற்குள்தான் நடந்தது. ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், நாலரை மீட்டர் விட்டம், ஒரு பெரிய உருளை. 2008 பிப்ரவரியில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் கொண்டுபோய், சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹார்மனி பகுதியோடு இணைத்தார்கள். கட்டுப்பாட்டு மையம் மியூனிக் பக்கத்தில் ஓபர்பஃபன்ஹோஃபனில். உள்ளே இருக்கும் ஆய்வு ரேக்குகளை, அதாவது கருவிகள் பொருத்திய அலமாரிகளை, கவனிக்க ஐரோப்பாவில் வேறு வேறு ஊர்களில் சின்னக் குழுக்கள் உண்டு, அப்படி ஒன்றில் நான் இருந்தேன். வீரர்கள் செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

முதல் வருடம் எழுதிய ஒரு படியில் "இடது பக்க இணைப்பைக் கழற்றவும்" என்று போட்டிருந்தேன். தரையில் இருக்கும் மாதிரிக் கூடத்தில் நின்று பார்த்து எழுதியது, அங்கே அது இடதுதான். மேலே அந்த வீரர் எங்கள் ரேக்குக்குத் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தார். அவருடைய இடது, என் வலது. எங்கள் திரையில் தரவு நின்றுபோனது. நான் அவரிடம் நேராகப் பேச முடியாது, மியூனிக்குக்குச் சொல்லி, அங்கே யூரோகாம் இருக்கையில் இருப்பவர்தான் மேலே பேச வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் செயற்கைக்கோள் தொடர்பு விட்டுப்போனது. காத்திருந்தோம். எல்லாம் சரியாவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது, அன்றைக்கு ஒதுக்கிய நேரமும் தீர்ந்தது.

மேலே ஒரு வீரரின் நேரம் நிமிடக் கணக்கில் பங்கு போடப்பட்டிருக்கும். இந்த ஆய்வுக்காகப் பல வருடம் காத்திருந்த பேராசிரியர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "மறுபடி எப்போது நேரம் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கொலம்பஸின் நாலு சுவர்களுக்கும் பெயர் உண்டு: முன், பின், மேல், தளம். நிலையம் பறக்கும் திசை முன், பூமி இருக்கும் பக்கம் தளம். ஆள் எப்படித் திரும்பினாலும் இவை மாறாது. இது எனக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் எழுதும்போது கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் அதன் மேல் ஒட்டிய எண்ணை வைத்தே எழுதினேன். எழுதி முடித்ததும் மாதிரிக் கூடத்தின் தரையில் மல்லாந்து படுத்து, தாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, முதல் படியிலிருந்து சத்தமாகப் படிப்பேன்.

மூன்று வாரம் கழித்து நேரம் கிடைத்தது. அதே வீரர். எந்தப் படியிலும் அவர் எதுவும் கேட்கவில்லை.