பரிசலில் ஆலா பார்த்தது

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு
வேப்பம்பூப் பச்சடி ஆவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்தரைக்கே பென்னாகரத்திலிருந்து வண்டியை எடுத்தேன். போன வருடம் ராமேஸ்வரத்தில் கடல்பறவை பார்க்கப் படகேறியவன் நான். கொண்டை ஆலாக்கள் மீனுக்குத் தலைகுப்புற விழுவதைப் பார்த்ததைவிட, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமட்டியதுதான் அதிகம். இன்று போனது மேட்டூர் அணைத் தேக்கத்தின் கரையிலுள்ள நாகமரைக்கு; அங்கிருந்து எந்தக் கடலும் 200 கிலோமீட்டருக்குக் குறைவில்லை. ஆனாலும் ஆலா இனத்தில் ஒன்று ஆற்றோடு தங்கிவிட்டது, என் அதிர்ஷ்டம்.

மேட்டூர் அணைத் தண்ணீர் வற்றி, அக்கரையில் பண்ணவாடி நந்தி, அணையில் மூழ்கிய பழைய கோயிலின் நந்தி சிலை, வெளியே நிற்கிறது. "என்னா வாத்தியாரே, மீனுக்கா, குருவிக்கா?" என்றார் பரிசல்கார அண்ணன். பதினோரு ஆற்று ஆலாக்கள். மஞ்சள் அலகு, கருந்தொப்பி, பிளந்த வால். ஒன்று நின்ற இடத்திலேயே சிறகடித்து, சட்டென்று விழுந்து கெண்டைக்குஞ்சோடு எழுந்தது. தின்னவில்லை. திட்டில் நின்ற ஜோடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. பெண் பார்க்கும் படலம்.

ஏப்ரல் 21
வெள்ளிக்கிழமை தேர்தல் பணி. இன்று தூக்கம்தான்.

ஏப்ரல் 28
முட்டை! கூடு என்று ஒன்றும் இல்லை, காய்ந்த வண்டலில் ஒரு சின்னக் குழி. அதில் மூன்று. இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா என்றேன். அண்ணன் துடுப்பைப் போடவே இல்லை.
"கிட்டப் போனா எந்திரிச்சிரும். எந்திரிச்சா வெயில்ல முட்ட வெந்துரும்."
அடைகாக்க என்றால் சூடு கொடுக்க என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வெயிலில் அது நிழல் கொடுக்க உட்கார்ந்திருக்கிறது. அடிக்கடி போய் வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருகிறது. நாங்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தோம்.

மே 12
தண்ணீர் இன்னும் இறங்கித் திட்டு கரையோடு ஒட்டிவிட்டது. ஒட்டியதுமே நாய் நடந்து போயிருக்கிறது. இந்தப் பக்கத்துக் குழிகளெல்லாம் காலி, சுற்றிலும் கால் தடம். அந்தக் கடைசியில் இரண்டு ஜோடி மட்டும் மிச்சம். எனக்குப் பேச்சே வரவில்லை. கிளம்பும்போது அண்ணன் கரையிலிருந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டி, திட்டுக்குப் போகிற கழுத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "வலய காயப்போட்டா நாய் வந்து கடிக்குதுல்ல" என்றார். அவர் வலை காயப்போடுவது எதிர்ப்பக்கம்.

மே 26
குஞ்சு இரண்டு. வண்டல் நிறமேதான். பைனாகுலரில் பத்து நிமிடம் தேடி, தாய் மீனோடு இறங்கியபோதுதான் தெரிந்தது. காக்கை ஒன்று தாழப் பறந்ததும் நான்கு ஆலாக்களும் சேர்ந்து நந்தி வரைக்கும் துரத்திவிட்டு வந்தன.

ஆகஸ்ட் 4
ஜூலை 30 அன்று அணை நிரம்பி, முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. இன்று பரிசல் ஏறவில்லை, கரையோடு நின்றேன். திட்டு, நந்தி எதுவும் தெரியவில்லை. குஞ்சுகள் எப்போதோ பறந்திருக்கும் வயது.
"முள்ளும் அடியிலதான் கெடக்குது வாத்தியாரே" என்றார் அண்ணன். "தண்ணி வடியட்டும், மொத வல எனக்குத்தான் அதுல மாட்டப்போவுது."