சென்னையிலிருந்து சாங்கிக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கண்டுபிடிக்க, அவற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரும் போதும். ஊரின் மையத்தை எடுக்காமல் விமான நிலையத்தின் இடத்தையே எடுங்கள்.

சென்னை மீனம்பாக்கம் வடக்கு 12.99, கிழக்கு 80.17. சிங்கப்பூர் சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.0053. அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 23.82 டிகிரியின் கோசைனாலும் பெருக்கினால் 0.8912. இரண்டையும் கூட்ட 0.8965. இது எந்தக் கோணத்தின் கோசைன் என்று பார்த்தால் 26.3 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் வீதம் 1,578 கடல் மைல், 1.852ஆல் பெருக்க 2,922 கி.மீ. பூமியை முழு உருண்டையாக வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம்.

விடை தாறுமாறாக வந்தால் முதலில் ரேடியனை (டிகிரி போலவே கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) சந்தேகப்படுங்கள். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் மைனஸ் குறி போட மறக்கக் கூடாது. சென்னை–பெங்களூரு போன்ற பக்கத்து ஊர்களுக்கு நான்கு தசம இடத்தோடு நிறுத்தினால் ஏழெட்டு கிலோமீட்டர் பிசகும். அங்கே எட்டு இடமாவது வேண்டும்.

நேரத்துக்கு வருவோம். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து, தூரத்தை 900ஆல் வகுத்து முடிப்பதுதான் பலரும் செய்வது. அது சரிப்படாது. ஏர்பஸ் 320 போன்ற விமானம் உயரத்தில் சுமார் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் போகும். 1,578ஐ 450ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். மேலேறவும் இறங்கவும் ஒரு கால் மணி, ஓடுபாதைக்குப் போகவும் வரவும் அரை மணி சேர்த்தால் நாலேகால். பெங்களூருக்கு 270 கி.மீ.தான், ஆனாலும் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருப்பது இந்தக் கூடுதல் நேரத்தால்தான்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. இரவு 11க்குக் கிளம்பி காலை 5.45க்கு இறங்கினால் 6.45 மணி ஆகாது, 4.15தான். திரும்பி வரும்போது அந்த இரண்டரையைக் கூட்ட வேண்டும்.

நீண்ட தூரமென்றால் காற்றுதான் எல்லாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் இன்னும் பலம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை கிழக்கு நோக்கி, பசிபிக் வழியாக அனுப்பியது. 15,000 கி.மீ.க்கு மேல் சுற்றியும் சுமார் பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது. அட்லாண்டிக் வழி தூரம் குறைவு, நேரமோ அதிகம். அதனால் வகுக்குமுன் பின்காற்றை 450உடன் கூட்டுங்கள், எதிர்க்காற்றைக் கழியுங்கள். 80 நாட் காற்றென்றால் ஒரு பக்கம் 530, மறுபக்கம் 370. போகவும் வரவும் தனித்தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும்.